மூன்றாவது தொப்பி

லாரி ஒன்று புறப்பட்டுப் போகிறது. அதில் ஏறிப் போனவர்கள் ஐம்பது வருடமாக அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஏறாமல் கீழே நின்றவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படியென்றால் அது யாருடைய கதை?

பெரியவளை நெருங்கி அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி என்றைக்காவது வந்தே தீரும். அவளுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. நான்கு பிள்ளைகளில் மூத்தவள் என்பதால் அம்மாவுக்கு அவள் ‘பெரியவ’. பழம் தரம் பிரிக்கும் கூடத்தில் ‘பெரியக்கா’. அந்தக் கூடத்தில் பெல்ட்டின் ஓரமாக ஒரே இடத்தில் முப்பது வருடம் நின்று வேலை பார்த்துவிட்டு, போன வருடம்தான் வீட்டோடு வந்து உட்கார்ந்தாள். ஆப்பிள்கள் அவள் முன்னால் உருண்டு போகும். அடிபட்டது, புழு குடைந்தது, காம்பு போனது எல்லாவற்றையும் அவள் கை தானாகவே பொறுக்கி எடுத்துவிடும். “சின்ன வயசுல பழம் நின்னுச்சு, நாங்க நகர்ந்தோம். இப்ப நான் நிக்கிறேன், பழம் நகருது” என்று பக்கத்தில் நிற்பவளிடம் எப்போதாவது சொல்வாள். தன் சின்ன வயதைப் பற்றி அதற்கு மேல் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

பேச விஷயம் இல்லாமல் இல்லை. அந்தக் குடும்பத்தில் வருடத்துக்கு மாதங்கள் கிடையாது, பயிர்கள்தான். வெங்காயத்தில் தொடங்கும், தக்காளிக்கு நகரும், திராட்சையில் கொஞ்சம் மூச்சு விடும், ஆப்பிளில் முடியும். ஒவ்வொரு பயிருக்கும் வேறு வேறு பண்ணை. தம்பி பிறந்தது தக்காளியில், சின்னவன் திராட்சையில். கடைக்குட்டி மட்டும் வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் நடுவே, ஓடும் லாரியில் பிறந்தாள். “நீ டீசல்ல பொறந்தவடி” என்று மற்ற மூன்று பேரும் இன்றைக்கும் அவளைக் கேலி செய்வார்கள். அவளுக்குப் பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கேலி மட்டும் நின்றபாடில்லை.

எந்தப் பண்ணைக்குப் போனாலும் அறை ஒன்றுதான். நீளமான தகரக் கொட்டகையைப் பலகை வைத்துத் தடுத்திருப்பார்கள். குடும்பத்துக்கு ஒரு தடுப்பு, தடுப்புக்கு ஒரு பல்பு, வரிசைக்கு ஒரு குழாய். அறைக்குள் நுழைந்ததும் அம்மா செய்யும் முதல் வேலை, முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் ஆணியை எடுத்துச் சுவரில் அடித்து முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டுவது. மூட்டையைப் பிறகுதான் பிரிப்பாள். கிளம்பும்போது கடைசியாக அந்த ஆணியைப் பிடுங்கி மறுபடி முடிந்துகொள்வாள். “ஆணி இருக்கிற எடம்தான்டி வீடு” என்பாள். அதே ஆணி இப்போது பெரியவளின் சமையலறைச் சுவரில் இருக்கிறது, கொஞ்சம் வளைந்துபோய்.

அந்த அறைகளில் ஆறு பேரும் ஒரே வரிசையாகப் படுப்பார்கள். கதவோரம் அப்பா, அடுத்து சின்னவன், நடுவில் கைக்குழந்தையோடு அம்மா, பிறகு தம்பி, சுவரோரம் பெரியவள். ஒருவர் புரண்டால் ஆறு பேரும் புரள வேண்டும். தகரச் சுவர் நெற்றியில் சில்லென்று இருக்கும். தம்பியின் முழங்கால் முதுகில் சுடும். வெங்காயப் பருவம் முழுக்க எல்லார் விரலிலும், தலையணையிலும், குடிக்கிற தண்ணீரிலும்கூட அந்த வாடைதான். இப்போதும் சந்தையில் புது வெங்காயச் சாக்கைப் பிரித்தால் பெரியவள் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவாள். அதைச் சுகமென்று அவள் சொல்லமாட்டாள். கஷ்டமென்றும் சொல்லமாட்டாள்.

வெங்காயத்தில் அப்பாவும் அம்மாவும் பிடுங்கி மண்ணை உதறிப் போட்டுக்கொண்டே போவார்கள். பெரியவள் பின்னால் குந்தியபடி நகர்ந்து, தாளையும் வேரையும் கத்தரித்துச் சாக்கில் போடுவாள். “இவ கை பேசுற பேச்சுக்கு வாய் எதுக்கு” என்று மேஸ்திரி சொல்வார். அப்போது அவளுக்குப் பதினொரு வயது.

அந்தப் பண்ணையில் பருவத் தொடக்கத்திலேயே பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் ஆளுக்கொரு மஞ்சள் துணித் தொப்பி கொடுப்பார்கள். அகல விளிம்பு, உச்சியில் கெட்டித் துணி. குந்தி உட்கார்ந்தால் பிள்ளைகளின் முகம் தெரியாது, தொப்பி மட்டும்தான் தெரியும். அம்மா அவ்வப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வாள். தன் வரிசையில் மூன்று சின்னத் தொப்பிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பாள். இருந்தால் மறுபடி குனிவாள். இப்படித்தான் அவள் பிள்ளைகளை எண்ணினாள். அங்கிருந்த எல்லாத் தாய்மார்களும் அப்படித்தான் எண்ணினார்கள். முதுகு ஒடிய வேலை செய்பவர்களுக்கு முகம் பார்த்து எண்ண முடியாது.

வெங்காயம் முடிந்து தக்காளிக்குக் கிளம்பிய காலை. விடிந்தும் விடியாத நேரம், எதிர்க்காற்று, புழுதி. லாரியில் நான்கு குடும்பங்களும் அவர்களின் மூட்டை முடிச்சுகளும். பிள்ளைகளை முன்பக்கம், ஓட்டுநர் அறையின் சுவருக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, கழுத்துவரை போர்வையைச் சுற்றித் தொப்பி போட்டு, மேலே தார்ப்பாயை இழுத்துவிட்டார்கள். அம்மா கைக்குழந்தையோடு பின்னால் இருந்தாள். மூட்டைகளுக்கு மேலாகத் தார்ப்பாய்க்கு அடியில் கையை நீட்டித் தொப்பிகளைத் தட்டிப் பார்த்தாள். “ஒண்ணு, ரெண்டு, மூணு. எல்லாம் இருக்கு, எடுங்க.” லாரி கிளம்பியது. ஐந்து மணி நேரம் கழித்துத் தக்காளிப் பண்ணையில் இறங்கி எண்ணியபோது அந்த மூவரில் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். இதற்குப் பிறகு வருவதெல்லாம் சொல்கிறவரைப் பொறுத்தது.

அம்மா சொன்னால் அது குற்ற ஒப்புதல். புது இடத்தில் புது மனிதர்களைப் பார்த்தால் தன்னைப் பற்றி அவள் சொல்லும் முதல் சங்கதியே அதுதான்: “நான் ஒரு புள்ளைய மறந்துட்டு லாரி ஏறினவ.” அதன் பிறகு அவள் தொப்பியைத் தட்டி எண்ணியதே இல்லை. ஒவ்வொரு காதாகப் பிடித்துத் திருகி, “ஆ” என்று சத்தம் வந்தால்தான் கணக்கில் சேர்ப்பாள். தம்பி கல்யாண மேடையில் உட்கார்ந்திருந்தபோதும் வந்து காதைத் திருகிவிட்டுத்தான் போனாள்.

அப்பா சொன்னால் அது தமாஷ். பெண்ணைத் தேடித் திரும்பிப் போக வண்டி கிடைக்காமல், கோழிக்கூண்டு ஏற்றிய வண்டியில் இரவெல்லாம் ஒண்டிக்கொண்டு போன கதை. “மறுநாள் மத்தியானம் தலை பூரா எறகோட போய் நிக்கிறேன். இவ வாசல்ல பெட்டியக் கவுத்துப் போட்டு வீட்டுக்காரி மாதிரி உக்காந்திருக்கா. என்னை ஏற எறங்கப் பாத்துட்டுக் கேக்குறா, யாரு வேணும்னு.” இதைச் சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். கேட்பவர்களும் சிரிப்பார்கள். அம்மா மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

கடைக்குட்டி சொன்னால்தான் அழுகை அதிகம். மழை, இடி, நாய் ஊளை எல்லாம் வரும். அப்போது அவளுக்குப் பதினொரு மாதம். “நீ பால் குடிச்சிட்டிருந்தேடி, நாய் எங்கேருந்து வந்துச்சு” என்று சின்னவன் கேட்டால், “கேட்டவங்க சொன்னாங்க” என்பாள். கேட்டவர்களுக்குச் சொன்னவளும் அவள்தான்.

பெரியவள் இவை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தாள். யாரையும் திருத்தவில்லை. ஆனால் அப்பாவின் கதையில் அவர் எப்போதும் விட்டுவிடும் ஓரிடம் அவளுக்குத் தெரியும். சிரிப்பு வரும் அந்த வாசலில், சிரிப்புக்குப் பிறகு, அப்பா சட்டைக்குள் கையை விட்டு நான்காக மடித்த மஞ்சள் தொப்பி ஒன்றை எடுத்தார். தொடையில் வைத்து நீவினார். “வெயில் ஏறுது, போட்டுக்க” என்று அவள் தலையில் வைத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்தத் தொப்பி தக்காளிவரை போனது தண்ணீர் கேனின் தலையில். லாரியில் மூடியோடு நின்ற அந்தப் பெரிய கேனுக்குத் தன் தொப்பியை வைத்து, தன் போர்வையைச் சுற்றி, தன் இடத்தில் உட்கார வைத்தவள் பெரியவள்தான். அங்கே சாமான் இறக்கும்போது அப்பா அதைப் பார்த்திருக்கிறார். அம்மா இறங்கி வந்து எண்ணுவதற்குள் எடுத்துச் சட்டைக்குள் ஒளித்திருக்கிறார். அதன் பிறகு நாற்பது வருடம் கோழி இறகைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தார். யாரும் வேறு கேள்வி கேட்காதபடி சிரிக்க வைத்தார் என்பது அவர் இறந்த பிறகுதான் பெரியவளுக்கு உறைத்தது.

அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று அவள் நினைக்காத நாள் குறைவு. சொன்னால் அம்மாவின் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கும். ஆனால் இறங்கிய இடத்தில் இன்னொன்று ஏறும். பிள்ளையை மறந்தவள் என்பது போய், பிள்ளை கூட வர விரும்பாத தாய் என்றாகும். இரண்டில் எது கனம் குறைவு? பழத்தைப் பார்த்த மாத்திரத்தில் தரம் சொல்லும் அவளுக்கு இது மட்டும் பிடிபடவில்லை. இருக்கட்டும், இருக்கட்டும் என்று வருடங்கள் போயின. அம்மாவுக்கு எண்பத்து மூன்று ஆகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் தம்பி புத்தகம் எழுதினான். அவன் பள்ளிக்கூட வாத்தியார். வெங்காயத்திலிருந்து ஆப்பிள்வரை குடும்பத்தின் கதையை ‘நான்’ என்று தன் வாயால் சொல்வதுபோல் எழுதி முடித்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை நூலகக் கூடத்தில் ஒரு அத்தியாயம் வாசிப்பதாக ஏற்பாடு. அம்மாவுக்கு முதல் வரிசையில் நாற்காலி. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. வாயில் இருக்கிறவரை கதை வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும், மன்னிக்கும். அச்சில் ஏறினால் அசையாது. வியாழக்கிழமை மத்தியானம் தாள்களோடு அக்கா வீட்டுக்கு வந்தான்.

அம்மா சமையலறை மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் எதிரில் இருந்தாள்.

“சத்தமாப் படிடா வாத்தியாரே, எனக்கும் கேக்கணும்” என்றாள் அம்மா. “பிரம்பு ஒண்ணும் எடுக்கமாட்டேன், பயப்படாம படி.”

அவன் படித்தான். லாரி வந்தது, காற்று வந்தது, தார்ப்பாய் வந்தது. “‘நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவின் கை முதல் தொப்பியைத் தொட்டது, இரண்டாவதைத் தொட்டது. மூன்றாவது முறை அது வெறும் காற்றைத் தொட்டது. மூன்று என்றாள் அம்மா. பெற்ற பிள்ளையை எண்ணவும் வாழ்க்கை அவளுக்கு நேரம் தரவில்லை.’”

வாக்கியங்கள் மோசமில்லை. படித்து முடித்ததும் அவனே ஒரு கணம் அவற்றை ரசித்த மாதிரி நிறுத்தினான்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள் அம்மா. “காத்தைத் தொட்டேனா என்னன்னு ஞாபகம் இல்ல. மறந்தது மட்டும் ஞாபகம் இருக்கு. அப்படியே போட்டுக்க.” அவள் கட்டைவிரல் நின்றிருந்தது. உரிக்காத காய் ஒன்று உரித்த பட்டாணிக் கிண்ணத்தில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அம்மாவுக்கு அது தெரியவில்லை.

முப்பது வருடம் பெல்ட்டைப் பார்த்த கண்ணுக்குத் தெரிந்தது. பெரியவள் இரண்டு காய்களையும் எடுத்து வெளியே வைத்தாள்.

“நீ பாத்தியாடா?” என்று தம்பியைக் கேட்டாள்.

“எதை?”

“அம்மா கையை. பாத்துக்கிட்டே இருந்தேன்னு எழுதியிருக்கே.”

“ஆமா, நான் அங்கதானே இருந்தேன்.”

“அங்கதான் இருந்தே. வாயப் பொளந்து தூங்கிட்டிருந்தே. ஒரு ஈ உள்ள போயி வெளிய வந்துச்சு.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. தம்பி சிரிக்கவில்லை. “அக்கா, கதைன்னா சொல்றவன் முழிச்சிருக்கணும்” என்றான். “அப்ப பாக்கல, சரி. எழுதறப்ப பாத்தேன். பொய்யில்ல அது.”

“பொய்யின்னு சொல்லலியே. நீ உக்காந்திருந்த எடத்துலேருந்து அதான் தெரியும்.” அவள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “ஆனா அம்மா தப்பா எண்ணல. மூணு தொப்பி இருந்துச்சு. மூணையும் தொட்டாங்க.”

“நீ லாரியிலேயே இல்லியே. அப்புறம் மூணாவது தொப்பிக்குள்ள யாரு?”

“தண்ணி கேன்.”

தம்பி கையிலிருந்த தாளைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

“கேனுக்குத் தொப்பி வச்சது?”

“நான்தான். போர்வையும் நான்தான் சுத்தினேன்.”

“ஏன்கா?”

பெரியவள் பட்டாணி உரித்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. தன் வலது கையைப் புரட்டிப் பார்த்தாள், அதில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல. “அன்னைக்கு ஒரு தலை கொஞ்சம் கெட்டியாத்தான் இருந்துச்சு” என்றாள். “உன் தலைதானேன்னு விட்டுட்டேன்.”

சொல்லிவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க அம்மா பேசவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள், கேட்டதற்குத் தலையாட்டினாள். பெரியவள் அலமாரியை ஒழுங்குபடுத்தினாள், ஒழுங்காக இருந்ததை மறுபடி ஒழுங்குபடுத்தினாள். சொன்ன பிறகு ஏறும் பாரத்தில் இத்தனை கனம் இருக்குமென்று தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டோம் என்று ஒரு நேரம் தோன்றியது. கிண்ணத்தில் விழுந்த இரண்டு காய்களை நினைத்தால், திறந்தது சரி என்று இன்னொரு நேரம் தோன்றியது.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் காதைப் பிடித்து நன்றாகத் திருகியது.

“ஆ” என்றாள் பெரியவள்.

“இதுவும் கேனோன்னு பாத்தேன்” என்றாள் அம்மா. பிறகு மெதுவாகக் கீழே உட்கார்ந்து, அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். “ஐம்பது வருசம்டி. சரியாத்தான் எண்ணியிருக்கேன்.” சாய்ந்தபடியே, “உங்கப்பனுக்குத் தெரியுமா?” என்றாள்.

“தெரியும்.”

“அதான் அவ்வளவு சிரிச்சாரு” என்றாள் அம்மா. வேறெதுவும் கேட்கவில்லை. இருட்டும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். வெங்காயப் பண்ணையின் குழாயடி, கதவோரம் அப்பாவின் குறட்டை, டீசலில் பிறந்தவளின் முதல் அழுகை என்று அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினாள். அந்த லாரியைப் பற்றிப் பேசாமல் பழையதைப் பேச அவளுக்கு வாய்த்த முதல் சாயங்காலம் அது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி கூடத்தில் வாசித்தபோது காற்று இல்லை, பார்த்துக்கொண்டிருந்த பையனும் இல்லை. “நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அம்மா சரியாக எண்ணினாள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்” என்று இருந்தது. முன்பு எழுதியதைவிடச் சப்பையான வாக்கியங்கள். முதல் வரிசையில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்து நாற்காலிக்காரியிடம், “என்னைத்தான் சொல்றான்” என்றாள்.

வெளியே வந்ததும் தம்பி இரண்டாவது முறை கேட்டான். “சொல்லுக்கா. நீ சொன்னா உன் எடத்துலேருந்தே எழுதிடறேன்.”

“என் எடத்துல நீ இல்லியேடா” என்று சொல்லிவிட்டு அவள் அம்மாவைக் கைபிடித்துப் படியிறக்கப் போய்விட்டாள்.

அவன் விடவில்லை. அந்த அத்தியாயத்தின் முடிவில் அரைப்பக்கம் காலியாக விட்டு, ஓரத்தில் பென்சிலால் ‘ஏன்?’ என்று எழுதி, திங்கட்கிழமை காலை அனுப்பி வைத்தான். மத்தியானத்துக்குள் தாள் திரும்பி வந்தது. காலியிடம் காலியாகவே இருந்தது. அதற்கு மேலே ஓரிடத்தில் மட்டும், அவன் தொப்பியை வெள்ளை என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, குண்டுக் கையெழுத்தில் ‘மஞ்சள்’ என்று திருத்தியிருந்தாள். புத்தகம் அந்த அரைப்பக்க வெறுமையோடுதான் வந்தது.

அந்தக் காலையில் தார்ப்பாய்க்கு அடியில் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி தன் தொப்பியைக் கழற்றிக் கேனின் மேல் வைத்தாள். குளிருகிற பிள்ளைக்குச் சுற்றுவதுபோல் போர்வையை இழுத்துச் செருகினாள். தம்பியின் திறந்த வாயைப் பார்த்தாள்; போர்வை நுனியால் மூடிவிட்டாள். பக்கவாட்டுப் பலகையைத் தாண்டி இறங்கி, காலி வெங்காயப் பெட்டிகளின் அடுக்குக்குப் பின்னால் நின்றாள். அம்மாவின் குரல் கேட்டது: ஒண்ணு, ரெண்டு, மூணு. லாரி வளைவில் திரும்பி மறையும்வரை அசையவில்லை. பிறகு கொட்டகைக்கு நடந்து, ஆறு பேர் படுத்த, இப்போது ஆணி பிடுங்கிய ஓட்டை மட்டும் மிச்சமிருந்த அந்தக் காலி அறைக்குள் தனியாகப் போய், உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.